தொண்டு என்றால் ஒன்பது

விண்ணப்பத்தில் பதினோராம் கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள்
நெருங்கிய எவரையாவது இழந்தீர்களா?
இல்லை என்று புள்ளடி போட்டேன்.
விவாகரத்தை அவர்கள் இழப்பில் சேர்ப்பதில்லை.

பொலிஸ் சான்றிதழ், காசநோய்ச் சோதனை,
முப்பது மணி நேர வகுப்பு.
ஒட்டனபி ஆற்றில் பனி உடைந்து உடைந்து ஓடிய மார்ச் மாதம்.
பீற்றர்பரோவில் காற்றுத் திரும்பினால்
ஊரே ஓட்ஸ் கஞ்சி மணக்கும்;
அந்த ஆலையில் இரவு வேலை முடித்து
காதுமடலில் மாவோடு போய்க் குந்துவேன்.
‘இங்கே நாங்கள் எதையும் சரிப்படுத்துவதில்லை’
என்றாள் வகுப்பெடுத்த மார்னி.
பத்தொன்பது வருடம்
நின்றுபோன கன்வேயரைச் சரிப்படுத்தியே
சம்பளம் எடுத்தவன் நான்.
கொப்பியில் எழுதினேன். நம்பவில்லை.

கழுத்தட்டையில் குகநேசன், கீழே வாலண்டியர்.
உங்கள் மொழியில் இதற்கு என்ன என்று கேட்டாள்.
தொண்டர் என்றேன்,
சொன்ன வாய்க்கே கொஞ்சம் கூச்சம்.
எங்களிடம் தொண்டர் என்றால்
விடியப்புறம் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டுகிறவர்,
தலைவர் வரும்வரை வெயிலில் மாலை தூக்கி நிற்கிறவர்,
அல்லது கோயில் சுற்றில் கைகூப்பிய கல்.
நான் துவாய் மடிக்க வந்தவன்.

மடித்தேன், ஆறு கிழமை.
பத்துப் படுக்கை வீடு.
நாலு மூலையிலும் இலாஸ்டிக் வைத்த விரிப்பை
மனிதரால் மடிக்க ஏலாது என்பதை
அந்தச் சலவை அறையில்தான் ஒப்புக்கொண்டேன்.

பிறகு ஏழாம் அறை, செவ்வாய் இரவுகள்.
எல்வுட் கிரான்டல்.
படகுகளைத் தொட்டியோடு தூக்கி இறக்கும்
கால்வாய்ப் பூட்டில் முப்பது கோடை வேலை செய்தவர்.
பஞ்சுக் குச்சியை இஞ்சிச் சோடாவில் தோய்த்து
உதட்டில் வைப்பேன்; உறிஞ்சிவிட்டுச் சொல்வார்:
‘மோட்டர் இல்லை, தெரியுமா?
மேல் தொட்டியில் ஒரு அடி தண்ணி கூட விடுவோம்.
அது இறங்கும், மற்றது ஏறும்.
அவ்வளவுதான்.’
மூன்று செவ்வாய் இதையே சொன்னார்.
மூன்றாம் முறை கேட்டேன்,
ஏறிப் போகிற படகுக்காரர் கையசைப்பார்களா என்று.
‘நாய்கள் மட்டும் திரும்பிப் பார்க்கும்’ என்றார்.

நாலாம் செவ்வாய் கதை இல்லை.
தொண்டையில் மட்டும் ஒரு சத்தம்,
எண்ணெய் வற்றிய உருளை சுற்றுகிறமாதிரி.
என் கை தானாக எழும்பியது:
தலையணையை உயர்த்து, கட்டிலைச் சாய்,
எங்கே பட்டி இறுகியிருக்கிறது பார்.
கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு இருந்தேன்.
தொண்டைக்கும் தொண்டுக்கும் ஓர் எழுத்துத்தான்.
அந்த ஓர் எழுத்துத் தூரத்தில்
விடியும்வரை இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

உலர்த்தியின் மணி அடித்தது.
துவாய்களை எடுக்கப் போன ஆறு நிமிடத்தில்
போய்விட்டார்.
‘தனியாகும்வரை காத்திருப்பவர்கள் உண்டு’
என்றாள் தாதி செலின்.
எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாளோ தெரியாது.
மூஸ் ஜோவிலிருந்து மகள் தொலைபேசியில்
ட்ரக்கின் சாவி எங்கே என்று முதலில் கேட்டாள்,
பிறகு அழுதாள்.

இங்கே பின்கதவால் கொண்டுபோவதில்லை.
யாரோ தைத்த ஒட்டுத்துணிப் போர்வை போர்த்தி
முன்வாசலால்.
சமையலறையில் நின்றவரும்
கை ஈரத்தோடு வந்து வரிசையில் நின்றார்.
வெளியே ஓட்ஸ் மணம்.

பழந்தமிழில் தொண்டு என்றால் ஒன்பது.
பரீட்சைக்குப் பாடமாக்கி
பரீட்சையில் வராமற்போன விடை.
நடைவழியில் ஒன்பது கதவுகளின்கீழ் வெளிச்சம்.
ஏழாம் அறைக்குள் புது விரிப்போடு போகிறேன்.
மூன்று மூலை பொருந்துகிறது.
நாலாவதை இழுத்தால் முதலாவது கழலுகிறது.
முழங்காலால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு
இழுக்கிறேன்.
மத்தியானம் ஆரோ வருகிறாராம்,
பலகையில் இன்னும் பெயர் எழுதவில்லை.