தெரியாது

வேலையில் சேர்ந்த முதல் வாரம்
கற்றுக்கொடுத்த சொல் அது.
ஒரே மாதிரிக் குப்பி, ஒரே மாதிரி மூடி,
ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு.
பாதியில் டைபாய்டு தடுப்பூசி,
பாதியில் மூளைக்காய்ச்சலுக்கானது.
எது எதில் என்று எனக்கும் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது,
எங்கோ ஒரு கணினிக்குத் தெரியும்.
இரண்டுமே வெறும் தண்ணீர் இல்லை என்று
பயிற்சியில் மூன்று முறை சொன்னார்கள்.
சோனங்குப்பத்தில் நான் முந்நூறு முறை சொன்னேன்.

அஞ்சாலாட்சி
ஏலத்துக்கு நேரமாகியும் உட்கார்ந்து
படிவத்தின் எட்டுப் பக்கமும் வாசித்தாள்.
"ஏன் எம்புள்ளைய வெச்சுப் பாக்கணும்?"
காய்ச்சல் இந்தத் தெருவில்தானே இருக்கிறது என்றேன்.
கையை நீட்டிக் குழாயைக் காட்டினாள்.
சாக்கடைக்குள் முங்கி
அந்தப் பக்கம் எழுந்து வரும் குழாய்.
"அதுக்கு ஊசி இல்லியா?"
பதில் எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

லோகித், ஐந்து வயது, இடது கை.
அழவில்லை. அடுத்த பையனை அழவைத்தான்.

பதினான்கு மாதம் வாரந்தோறும் போனேன்.
காய்ச்சலா, இல்லை.
காய்ச்சலா, இல்லை.
காய்ச்சலா,
மூணு நாளா.

தடுப்பூசி ஐஸில் வரும்.
ரத்தம் ஐஸில் போகக்கூடாது,
தேடுவது செத்துவிடும்.
துண்டில் சுற்றி மடியில் வைத்து
புதுச்சேரி பஸ் ஏறினேன்.
கடலூரிலிருந்து பாட்டிலோடு
அந்தப் பக்கம் போகிறவள் நான் ஒருத்திதான்.
போகும்போது எவரும் கேட்பதில்லை.
திரும்பும்போது ஆல்பேட்டைச் சாவடியில்
பையைத் திற என்பார்கள்.
உள்ளே புதுப் பாட்டில் இருபது,
அடியில் பழுப்பாய்க் கொஞ்சம் சாறு.
காவலர் ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"என்ன சரக்கு இது?"
கிருமிக்குச் சாப்பாடு என்றேன்.
பதமாகத் திருப்பி வைத்தவர்
சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்
பஸ் கிளம்பும்வரை.

மறுநாள் இரவு ஆய்வகத்திலிருந்து பிளாந்தின்:
"அடிப்பக்கம் மஞ்சளாயிடுச்சு."

"எந்த ஊசி போட்ட எம்புள்ளைக்கு?"
தெரியாது.
"தெரியாதா, சொல்லக்கூடாதா?"
தெரியாது.
எடைக்கல்லைப் புரட்டி அடிப்புறம் பார்ப்பதுபோல்
என் முகத்தைப் பார்த்தாள்.

ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
கருவாடு கேட்டு அடம்பிடித்தானாம்,
கஞ்சிதான் ஊற்றினாளாம்.
அதையும் எழுதிக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

அடுத்த ஆடியில் எண்களின் பூட்டைத் திறந்தார்கள்.
குளிரூட்டிய அறை, திரையில் இரண்டு கோடு.
ஒன்று தரையோடு படுத்துக் கிடந்தது.
மற்றது படிக்கட்டாய் ஏறிப் போனது.
கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.
நடுவில் கை நின்றுவிட்டது.
அந்தப் படிகள் ஒவ்வொன்றும்
யாரோ மடியில் வைத்துப் போன பாட்டில்.
கீழிருந்து எண்ணினேன், ஒன்பதாவதோ பத்தாவதோ
லோகித்.

அவளிடம் போய்ச் சொன்னேன்.
அவனுக்கு விழுந்தது மற்ற ஊசி.
திட்டுவாள் என்று நின்றேன்.
கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப படுத்துக் கெடந்த கோட்டுல எத்தினி புள்ளைங்க?"
ஆயிரத்துக்கு மேலே.
"அவங்களுக்கு வரலியா?"
ரெண்டே பேருக்கு.
அவள் உதடு அசைந்தது. கழிக்கிறாள்.
பிறகு உள்ளே போய்
மகனையும் கைக்குழந்தையையும் இழுத்துவந்தாள்.
"இப்ப போடப்போறது எதுன்னு தெரியுமா?"
தெரியும்.
அந்தத் தெருவில் அந்தச் சொல்லை
அன்றுதான் முதல்முறை சொன்னேன்.

பென்சிலில் குறித்தது அறிக்கையில் வரவில்லை.
நான் பெட்டியை மூடும்போது தண்ணீர் வந்தது.
அஞ்சாலாட்சி முதல் குடத்தைப் பிடித்து
தெருவில் கொட்டிவிட்டு
இரண்டாவதை வைத்தாள்.