ஒழுகும் துருசு

நாலாம் வாய்க்காலில் தண்ணீர்
நாலடி விழுகிற இடம் ஒன்று உண்டு.
எத்தனை போகமாகவோ
சும்மாதான் விழுந்துகொண்டிருந்தது.

நான் மோட்டார் சுற்றுகிறவன்.
கந்தளாய், பேராற்றுச் சந்தியில் கடை.
எரிந்துபோன பம்பிகளின் குடலை உருவிப்
புதுச் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது பிழைப்பு.
தண்ணீரை ஏற்றுகிற மோட்டாரைத்
தண்ணீரே சுற்றினால் என்னவாகும் என்று
வேலையில்லாத ஒரு மழைநாளில்
யோசித்ததுதான் வினை.

தார்ப்பீப்பாய் வெட்டிப் பன்னிரண்டு இதழ்,
உழவு மெஷினின் பழைய பெயரிங் இரண்டு,
கொண்டன்சர் மூன்று,
ஸவாஹிர் தந்த ஒரு பெல்ட்.
'ஆனா லைட்டு, ஆகாட்டிப் பழைய இரும்பு'
என்றுதான் தந்தான்.

ஆனது.
ஏழு வாடி, ஏழு பல்ப்.
தவளைகள் ஒரு நிமிடம் வாயை மூடின.

மறுநாள் காலை நாகேஸ்வரி அக்கா
மண்வெட்டியோடு வந்து நின்றா.
'கரண்ட் பிழிஞ்ச தண்ணி
என்ர வயலுக்கு வேண்டாம்.
சத்துப் போயிருக்கும்.'
விழுகிற வேகத்தைத்தான் எடுத்தேன் அக்கா,
ஈரத்தை எடுக்கேல்ல என்றேன்.
நம்பவில்லை.
சக்கரத்துக்கு மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி
அள்ளிக்கொண்டுபோய்
இரண்டு பாத்தியில் நாற்றுப் போட்டா.
பத்து நாள் பேச்சில்லை.
பதினோராம் நாள் தன் வாடிக்கு
வயர் எத்தனை முழம் வேணும் என்று கேட்டா.

எல்லாம் சரி.
கதிர் முற்றினால் துருசு பூட்டவேண்டும் என்பதை
நான்தான் மறந்துபோனேன்.
வயல் காயவேண்டும், வெட்டுமெஷின் இறங்கவேண்டும்.
கருணாதிலக்க தன் முழநீளச் சாவியைத் திருகினான்.
சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி
யோசித்து
நின்றது.
வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் செம்பாகி
ஏழும் ஒன்றாக அணைந்தன.
நெல் பச்சையாய் நிற்கையில் வெளிச்சம்;
பொன்னாகும்போது இருட்டு.
இந்தக் கணக்கு
யானைக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஸவாஹிரின் ஒரு ஏக்கர் அந்த இரவு.
அவன் ஏசவில்லை.
கடை திறக்கும் நேரம் வந்து
பெல்ட்டைத் திருப்பித் தா,
வேறொரு மெஷினுக்கு வேணும் என்றான்.

அடுத்த போகக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்:
அறுவடை முடியும்வரை ஒரு சாண் தண்ணீர்.
எஞ்சினியர் கெட்ட மனிதரல்ல.
கொப்பியைத் திருப்பிக் காட்டினார்.
வெள்ளாமைக்கு ஒரு கட்டம், குடிதண்ணீருக்கு ஒரு கட்டம்.
வெளிச்சத்துக்குக் கட்டம் கீறவே இல்லை.
'குளத்து மட்டத்தைப் பார்த்தீங்களா?' என்றார்.
பார்த்திருந்தேன். உட்கார்ந்தேன்.

மறுபடி கதிர் முற்றி, மறுபடி பூட்டிய அன்று
பீப்பாய்ச் சக்கரத்தைக் கழற்றப் போனவன்
ஒரு சத்தம் கேட்டு நின்றேன்.
துருசுப் பலகையின் இடது மூலை.
மூன்று வருடமாகக் கடிதம் எழுதுகிறோம்,
ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று.
அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஒரு சைக்கிள் சக்கரம்,
கம்பிகளில் கட்டிய ஒன்பது சிரட்டை,
டயரை உரசும் டைனமோ.
பாக்களவு வெளிச்சம்.
யானை வருகிற வரம்பில் அதை நட்டேன்.
யானை பயந்ததா, தெரியாது.
அந்த வழியால் வரவில்லை,
அதுதான் தெரியும்.

ஐந்தாம் நாள்
கடிதத்துக்குப் பதில் ஜீப்பில் வந்தது.
சீமெந்து ஒரு மூட்டை, புது ரப்பர், இரண்டு ஆள்.
எஞ்சினியர் கடிதத்தை விரித்தார்.
கருணாதிலக்க வானத்தில் எதையோ தேடினான்.
ஸவாஹிர் தன் செருப்பைப் பார்த்தான்.
நான் பீடி பற்றவைத்தேன், பற்றவில்லை.

'எங்க ஐயா ஒழுகுது?'
என்று கேட்டபடி நாகேஸ்வரி அக்கா
பலகையின் இடது மூலையை மறைத்து நின்றா,
முழங்கால்வரை சேலை நனைய.