மூடியைத் திறக்காதே

தாம்வே சந்தை முனையில்
மாலை நாலு மணிக்குச் சட்டி ஏற்றுகிறேன்.
விரல் நீளத்துக்கு அரிந்த சுரைக்காய்
அரிசிமாவில் முங்கி எண்ணெயில் விழுந்தால்
சடசடவென்று ஒரு மழை.
ஊதி ஊதித் தின்கிறார்கள் ரங்கூன்காரர்கள்.
இருபத்திரண்டு வருஷமாக
அந்த மழையில்தான் எங்கள் பிழைப்பு.

வாடிக்கைக்காரி டோ மியா சேன்
நேற்றுக் கேட்டாள்:
"உன் பிள்ளைகளும் இதைத்தான் தின்னுமா?"
புளித்தண்ணீர்க் கிண்ணத்தை
அவள் பக்கம் நகர்த்தினேன்.
பொய் சொன்னால் நாக்கு வேகும்.
நிஜம் சொன்னால் யாவாரம் வேகாது.

நிஜம் என்னவென்றால்
அந்தச் சட்டி எண்ணெய்
என் வீட்டு வாசற்படி ஏறியதில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்ட்
ராத்திரி ஒரு மணிக்கு.
குக்கரின் சிவப்பு விளக்கு கண் விழிக்கும்,
நானும் விழிப்பேன்.
பக்கத்து வீட்டில் இஸ்திரிப்பெட்டி,
மாடியில் தண்ணீர் மோட்டார்,
நடுச்சாமத்தில் விடிந்துவிடும் தெரு.

கீழே அரிசி. மேலே ஓட்டைத் தட்டு.
கேரட்டும் பீன்ஸும் முதலில்,
அவை பிடிவாதக்காரர்கள்.
சோறு பாதி வெந்ததும் சுரைக்காய்,
தோலோடு.
கீரையைக் கடைசியில் வைத்தால் போதும்,
ஆவி பட்டதும் அடங்கிவிடும்.
உப்பு, இறக்கின பிறகு.
ஒரு கரண்டி எள், இடித்த வேர்க்கடலை,
எலுமிச்சை பாதி.

"எண்ணெயை அளந்து ஊற்று" என்றாள்
கிளினிக் நர்ஸ், என் வீட்டுக்காரர்
சிற்றம்பலத்தின் சர்க்கரைக் கணக்கைப் பார்த்து.
எண்ணெய்க்கடை வரிசையில்
மூன்று மணி நேரம் நின்றவளுக்கு
அதை நர்ஸ் வந்தா சொல்லவேண்டும்?

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால்
பசி பசி என்று கத்தும் மகளுக்கு
நூடுல்ஸ் இல்லாத அத்தோ.
கோஸும் பப்பாளிக்காயும் நூலாகச் சீவி,
கடலைப்பொடி தூவி, கையாலேயே பிசைந்து.
கரண்டியால் கலந்தால்
காய் காயாக நிற்கும், புளி புளியாக நிற்கும்.

மகன்தான் மசியமாட்டான்.
பள்ளியில் ஸோ மின், வீட்டில் தணிகைவேல்,
இரண்டு பேருக்குமே பூசணி ஆகாது.
துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில்
வேலி கட்டுவான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு நாள் கடை அடுப்பின் கடைசிக் கங்கில்
பெரிய துண்டாகப் போட்டு,
தோல் கருகும் வரை விட்டு,
மிளகாய்த்தூள், உப்பு தொட்டுக் கொடுத்தேன்.
"சர்க்கரைவள்ளியாம்மா?"
"ம்."
நாக்கு வேகவில்லை.

இன்று ஒன்று இருபதுக்கே
விளக்கு அணைந்துவிட்டது.
மோட்டார் முனகி நின்றது.
எதிர் வீட்டில் யாரோ
பர்மியில் ஒரு கெட்ட வார்த்தை,
தமிழில் அதற்கொரு பதில்.
குக்கருக்குள் அரைவேக்காட்டுச் சோறு,
அதன் தலையில் முக்கால்வேக்காட்டுப் பீன்ஸ்.

எழுந்து வந்தார் சிற்றம்பலம்.
இருட்டில் அவர் கை
மூடியைத் தேடுவது தெரிந்தது.
பிடித்துக்கொண்டேன்.
"திறக்காதே. உள்ளே இருக்கிற சூடு போதும்."

பழைய போர்வையால் குக்கரைச் சுற்றினோம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து
ஒன்றும் பேசாமல்
வேகிற வாசனைக்குக் காத்திருந்தோம்.
முதலில் வந்தது
பீன்ஸ்.