வருகைப் பதிவு

மார்ச் ஒன்பது, மாலை நான்கு மணி.
செவிலி வந்தார். வலி இல்லை. உறங்குகிறார்.
அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஆய்வாளர் இமெல்டா ஓர்ட்டேகா
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை படிக்கிறார்.

எதிரே வெர்லின் ஹாக்ஸ்டெட்.
மனைவி போனது ஏழாம் தேதி விடியலில்.
முந்தைய இரவு முழுக்க
மார்ஃபினுக்காக அழைத்த எண்ணில்
யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பதாம் தேதி வலி இல்லைதான்,"
என்கிறார் வெர்லின்.
"அது மட்டும் பொய்யில்லை."

டூசானில் அந்த முகவரி
டோனட் கடைக்கு மேலே ஒற்றை அறை.
கதவில் பதினாறு ஹாஸ்பைஸ் பெயர்கள்.
தட்டினால் திறக்க ஆளில்லை.

அலுவலகம் திரும்பி
பழைய கோப்பைத் தேடி எடுக்கிறார்.
கடைசி ஆய்வு, ஆறு வருடம் முன்பு:
குறை ஏதுமில்லை.
கீழே, அவசரமாய்ச் சாய்ந்த ஓ.
அவருடையதுதான்.