பதினாறாவது பெயர்

பட்டியலை நான்தான் எழுதினேன்.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
நான்கு வருடமாகக் கிளப்புக்குச் செயலாளர்.
பகலில் நீரோடி ஐஸ் பிளான்டில் கணக்கு:
எத்தனை பார், எந்த வள்ளத்துக்கு, யார் பேரில் கடன்.

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்கள்.
ஞாயிற்றுக்கிழமை பொழியூரில் ஃபுட்பால்.
எங்கள் கடைசித் தெரு தாண்டினால் கேரளம்,
ஓங்கி அடித்தால் பந்து வேறு மாநிலத்தில் போய் விழும்.
இருபத்து மூன்று பேர் ஓடினார்கள்.
வேனில் சீட்டும் ஜெர்சியும்
பதினாறுதான்.

பதினைந்து வரை சண்டையில்லை,
டார்வின் சார் சொல்லச் சொல்ல எழுதிவிட்டேன்.
சூசைமிக்கேல் மகள் ஆன்சி பத்தாவது.
மஸ்கட்டிலிருந்து ஜெர்சி வாங்கி அனுப்பியவர் அவர்.
பத்தாவதுக்கு அவள் தகுதிதான் என்று
சாரும் நானும்
யாரும் கேட்காமலே
ஒரே நேரத்தில் சொன்னோம்.

பதினாறுக்கு இரண்டு பேர்.

பெனிட்டா.
இடது காலில் அவள் பந்தை எடுத்துப்போனால்
கரமடி இழுப்பவர்கள்கூடக்
கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பார்ப்பார்கள்.
இன்னொருத்தி என் மகள், றோஸ்மி.
ஓடுவாள். சொன்ன இடத்தில் நிற்பாள்.

சார் பேனாவை மேசையில் வைத்தார்.
"ரூல் என்ன சொல்லுது?"

ரூல் நான் எழுதியது.
மாதம் மூன்று நாளுக்கு மேல் வராதவருக்கு அணியில் இடமில்லை.
போன வருடம் பெரிய வீட்டுப் பிள்ளைகள்
மேட்சுக்கு மட்டும் வந்து நின்றபோது
எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எழுதினேன்.
கைதட்டினார்கள்.

பெனிட்டாவுக்கு ஒன்பது சிவப்புப் பெருக்கல் குறி.
நான்காம் தேதி, ஏழு, எட்டு, பன்னிரண்டு…
எங்கோ பார்த்த தேதிகள்.

இரவு ஐஸ் கணக்கை முடிக்கும்போது தெரிந்தது.
நான்காம் தேதி நூற்றுப்பத்து பார்.
ஏழும் எட்டும் நெத்திலி, கொட்டிக் கிடந்தது.
பன்னிரண்டு சாளை.
கடல் கொடுத்த நாளெல்லாம்
அவள் வரவில்லை.
ஜெசிந்தாள் சருவத்தைத் தலையில் ஏற்றி
முதல் பஸ்ஸில் பாறசாலைச் சந்தைக்குப் போய்விட்டால்
தூங்குகிற தம்பியை யார் பார்ப்பது?
மீன் இல்லாத நாளில்
மைதானத்துக்கு முதல் ஆள் அவள்தான்.

றோஸ்மியின் வரிசையில் ஒரு சிவப்பும் இல்லை.
ஐந்தே காலுக்கு எழுப்பி
ஸ்கூட்டரில் கொண்டுவிடுவது நான்.
அந்த வருகையில் பாதி என்னுடையது.

சாரிடம் சொல்லியிருக்கலாம்.
ஃபோனை எடுத்தேன். மணி பதினொன்று.
தூங்கியிருப்பார் என்று வைத்துவிட்டேன்.
பதினொன்றுக்குத் தூங்குகிறவர் இல்லை அவர்.

காலையில் ஐஸ் பிளான்ட் சுவரில் ஒட்டினேன்.
பெனிட்டா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.
விரல் மேலிருந்து கீழே போனது,
ஒருமுறைதான்.
"மாமா, வேன்ல நிக்கதுக்கு எடம் உண்டா?"

உண்டு என்றேன்.

பொழியூரில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றாள்.
மணல் சுட்டது. செருப்பைக் கழற்றி
அதன்மேல் தம்பியை உட்காரவைத்தாள்.
வெளியே போன பந்தையெல்லாம் அவளே எடுத்துப்போட்டாள்.

ஒரு கோல் முன்னால் இருந்தோம். இன்னும் ஆறு நிமிடம்.
பந்து அவர்களுடையது,
அவள் காலடியில் வந்து நின்றது.
"பைய எடு மக்கா, பைய!"
எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.
என் குரலும் அதில் இருந்தது.

இடது காலால் ஒரே தட்டு.
எதிரணிக் கோலியின் கைக்கு
நேராகப் போனது பந்து.

திங்கட்கிழமை. நூற்றுமுப்பது பார் ஐஸ்.
வருகைப் பதிவில் புதுப் பக்கம் திருப்பி
அவள் பேருக்கு நேரே
சிவப்புப் பேனாவை வைத்திருக்கிறேன்.
வெளியே வள்ளக்காரன் ரசீதுக்கு அவசரப்படுத்துகிறான்.