மூன்றரைக் கிலோ

என் பழைய துப்பாக்கிக் கட்டையில்
கன்னம் பதியும் இடத்தை
முதலில் பட்டி பார்த்து மூடினேன்.
பதினொரு பனிக்காலம் என் முகம் தேய்த்த பள்ளம்.
மூன்றே பூச்சில் நிரம்பிவிட்டது.

வில்யா இடக்கைக்காரி.
எனக்கு மேடாக இருந்ததெல்லாம்
அவளுக்குப் பள்ளமாக வேண்டும்.
இந்தப் பக்கம் அரத்தால் இழைத்து
அந்தப் பக்கம் ஏற்றினேன்.
சோத்கமோவில் எல்லாரும் சொல்வார்கள்,
அக்காளும் தங்கையும் அச்சு அசல் என்று.
கண்ணாடிக்குள் நிற்பவளும் அச்சு அசல்தான்.
கைகுலுக்கிப் பாருங்கள், தெரியும்.

பனியில் சறுக்கி ஓடி வந்து
எகிறும் நெஞ்சோடு நின்று சுடும் பந்தயம் எங்களுடையது.
போன வருஷப் பட்டியலில்
கடைசி இடம் அவளுக்கு.
அதற்கடுத்த, இல்லாத இடம் எனக்கு.
நடுவே நாலு நொடி.
அதன்பின் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
அக்டோபரில் வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"எனக்கு ஒரு கட்டை செய்து தருவாயா? கார்பனில்."
பகலில் படகு வார்க்கிறவள் நான்.
சரி என்றேன்.

மெழுகு ஏழு முறை.
பூசி, காத்திருந்து, துடைத்து,
மறுபடி பூசி.
ஒன்று இன்னொன்றோடு ஒட்டாமலிருக்க
எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது.
கட்டையின் நடுக்கோட்டில் களிமண்ணால் வரப்புக் கட்டி
ஒரு பாதி அச்சு.
மறுநாள் வரப்பைக் கலைத்து மறுபாதி.

ஆப்பு வைத்துத் தட்டிப் பிளந்தபோது
ஏரி விரிசல் விடுவதுபோல் ஒரு சத்தம்.
அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.
என் வால்நட் கட்டைதான்
பிடியருகே முறிந்து இரண்டாய் வந்தது.
எட்டாவது முறை பூசியிருக்கலாம்.

கறுப்புத் துணி
பாவும் ஊடும் மினுங்க மேசையில் கிடந்தது.
கத்தரி பட்டால் நுனி பிரிந்து உதிரும்.
கையுறைக்குள் புகுந்தால் இரண்டு நாள் அரிக்கும்.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கொட்டகை ஹீட்டர் பதினாலைத் தாண்டவில்லை.
ஹார்ட்னர் கலந்த பிசின்
தேன்போலத் தயங்கித் தயங்கி நகர்ந்தது.
நான் உருளையை ஓட்ட,
குமிழிகளை ஊசியால் குத்தினாள் வில்யா.
"இங்கே ஒன்று." "இங்கேயும்."
அன்றைக்கு மொத்தம் அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை சௌனாவின் மேல்பலகையில்
அச்சோடு அதைப் படுக்கவைத்தோம்.
அறுபது டிகிரி, எட்டு மணி நேரம்.
கல்லில் தண்ணீர் ஊற்றக் கூடாது
என்று கதவில் எழுதி ஒட்டினேன்.
பக்கத்து வீட்டு தௌனோ துண்டோடு வந்தார்,
வாசித்தார்,
துண்டோடு திரும்பிப் போனார்.
நள்ளிரவுக்குமேல் விறகு குறைந்தது.
பட்டியைச் சுரண்டிவிட்டு
வால்நட் துண்டு இரண்டையும் அடுப்பில் போட்டேன்.
நின்று எரிந்தது, நல்ல மரம்.
வில்யா பார்த்துக்கொண்டிருந்தாள்,
எதுவும் சொல்லவில்லை.

குழல் பூட்டி, வார் மாட்டி,
சமையலறைத் தராசில் வைத்தோம்.
மூன்று கிலோ முந்நூற்று எண்பத்து நான்கு.
விதி மூன்றரை.
குறைந்தால் தொடக்கக் கோட்டிலேயே திருப்பிவிடுவார்கள்.
கிராம் கிராமாக ஆறு வாரம் உரித்துவிட்டு
இப்போது நூற்றுப் பதினாறு கிராம் கடன்.
முதலில் சிரித்தது அவள்தான்.
எனக்கு விக்கலே வந்துவிட்டது.

தௌனோவின் தூண்டில் பெட்டியிலிருந்து
ஈயக் குண்டுகள் வந்தன.
சௌனாவுக்கு ஈடாகக் கேட்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ,
எண்ணாமல் அள்ளிக் கொடுத்தார்.
எங்கே வைப்பது?
பின்னால் வைத்தால் முதுகுக்குச் சுகம்.
முன்னால் வைத்தால் நின்று சுடும்போது குழல் அலையாது.
"நீயாக இருந்தால் எங்கே வைப்பாய்?"
என்று கேட்டாள் வில்யா.
ஒரு வருஷமாக யாரும் என்னிடம்
அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.
முன்னால் என்றேன்.

ஞாயிறு, சுடுதிடல்.
நின்று ஐந்து குண்டுகள்.
நான்கு கறுப்பு வட்டங்கள் வெள்ளையாயின.
ஐந்தாவது அப்படியே இருந்தது.
"காற்று" என்றாள்.
"காற்றுதான்" என்றேன்.

கொடி அசையவில்லை.
கன்னத்தைச் சற்று முந்தி எடுத்துவிட்டாள்,
பார்த்தேன்.
புதன்கிழமை சொல்ல வேண்டும்.