வளி என்று இருக்கிறது

பூட்டிய கடைக்குள் ஒரு குழாய் விளக்கு.
வெளியே ஜம்பட்டா தெருவில்
கோட்டை, கோட்டை என்று கத்திக்கொண்டே
கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
மேசையில் இருபத்துமூன்று பிள்ளைகளின் தாள்கள்.

வழக்கமாக எனக்கு வருவது
பொலிஸ் முறைப்பாடு,
மின்கட்டணத்துக்குத் தவணை கேட்கும் கடிதம்,
பிறப்புச் சான்றிதழ்,
முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி.
பக்கம் நூற்றிருபது ரூபாய்.
பிழை கண்டால் கேட்காமலே திருத்துவேன்,
அதற்குத் தனியாகக் காசில்லை.

இது மட்டக்குளி சனசமூக நிலையத்தில்
ஐந்து சனிக்கிழமை நடந்த எழுத்துப் பட்டறை.
நடத்துகிறவன் டெஸ்மன்,
பகலில் காப்புறுதி விற்கிறவன்.
"இருக்கிற இடத்தைப் பற்றி எழுதுங்க,
வீடு என்ற சொல் மட்டும் வரக்கூடாது"
என்றானாம்.

ஒருவன் பால்மா விளம்பரத்தை அப்படியே எழுதியிருந்தான்.
ஒருத்தி:
அன்புள்ள லிஃப்ட், உனக்கு எப்போது சுகமாகும்?
இன்னொருவன்
எனக்கு ஒன்றும் வரவில்லை
எனக்கு ஒன்றும் வரவில்லை என்று
பதினொரு வரி.
எண்ணிப் பார்த்து, வரிகளை நடுவில் நிறுத்தி அடித்தேன்.
கவிதை மாதிரித்தான் இருந்தது.

பதினான்காவது தாள் நுஸ்காவுடையது.
வயது பத்து. மூலையில் எண்ணெய்க் கறை.

எங்கட எடத்துக்கு வளி இல்ல.
ஒரே ஒரு ஜன்னல். அதுல மத்த ஆக்கள்ட செவுரு.
உம்மா மீன் பொரிக்கிற நேரம்
நாங்க மூணு பேரும் படியில போய் இருப்போம்.
ஆராவது ஏறி வந்தா
காலை மடக்கிக் குடுக்கணும்.

விரல் தானாக ழகரத்துக்குப் போனது.
பாதியில் நின்றது.
ஜன்னலைப் பார்த்தால் காற்று.
படியைப் பார்த்தால் பாதை.
மறுபடி தட்டினேன்,
திரையில் மூன்று சொற்கள் தொங்கின:
வலி, வழி, வளி.
முதலாவதை நான் கேட்கவேயில்லை.

"வழி என்று போடுங்க அக்கா,
காசு தந்தவங்களுக்கும் விளங்கும்"
என்றான் டெஸ்மன்.
சிங்களத்துக்கு மாற்றுகிற தனுக
மறுநாள் அழைத்தான்:
பாரவா, ஹுலங்கவா?
ரெண்டையும் ஒரு சொல்லில் வைக்க
என்னிடம் இடமில்லையே, அக்கா.

சனிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் போனேன்.
மண்டபத்தில் மின்விசிறி
எதையோ மறுத்துக்கொண்டே சுற்றியது.
இடைவேளை. நுஸ்காவின் வாயில் மாலு பாண்.
இதில் எது, பிள்ளை, என்று தாளை நீட்டினேன்.
மென்று முடித்து,
"வாசிங்க பாப்பம்" என்றாள்.

வாசித்தேன்.
"மத்ததையும் வாசிங்க."
வாசித்தேன்.
பக்கத்தில் நின்ற பையன் சிரித்தான்.
இருபத்தாறு வருடம்
ஊராரின் ழகரத்தைத் திருத்திய என் வாயில்
ழகரமே இல்லை.
இரண்டு தடவையும் வளி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டும் ஒண்டுதானே" என்றாள்,
கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு,
"சரியாத்தான் எழுதி ஈக்கேன்."

புத்தகம் வந்தது.
பக்கம் பதினான்கில் வளி.
சிங்களப் பக்கத்தில் தனுக காற்றைப் போட்டுவிட்டு
ஒரு வரி இடம் வெறுமையாக விட்டிருந்தான்.
அச்சகக்காரன் அதைப் பிழை என்று நினைத்து
நெருக்கிவிட்டான்.

பாடசாலையில் யாரோ
நுஸ்காவின் பிரதியில்
ளகரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்களாம்.
அவள் அதற்குள் நான்கு கம்பி இழுத்து
ஜன்னலாக்கி
கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள்.
ஜன்னலுக்குப் பின்னால் சுவர் வரையவில்லை.
கேட்கலாமென்று நினைத்தேன்,
அதற்குள் ஒரு ஆள்
தொலைந்த அடையாள அட்டைக்குக்
கடிதம் எழுத வந்துவிட்டார்.

டெஸ்மன் இன்னும்
ஆறு பக்கத்துக்குக் காசு தரவேண்டும்.